கம்பளம் துவைத்த கதை



ஒருவரை மிகச் சிறப்பாக வரவேற்றார்கள் என்று சொல்ல, 'ரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்றார்கள்' என்கிறோம். அந்தக் கம்பளத்தை விரித்தவர் யார், விழா முடிந்தபின் சுருட்டித் தூக்கியவர் யார், அதில் படிந்த செருப்பு மண்ணைத் தட்டி எடுத்தவர் யார் என்பதெல்லாம் அந்தச் சொல்லில் வருவதில்லை. இன்றைய உரையில் அந்த ஆட்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

தோட்டத்துக் குடும்பங்களாகிய நமக்கும் கம்பளத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். லயத்து வீட்டில் நாம் விரித்ததெல்லாம் கோரைப் பாயும் மெங்குவாங் பாயும்தான். விருந்தாளி வந்தால், ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமக்காளம் பெட்டியை விட்டு வெளியே வரும். கம்பளம் என்றால் அது துரை பங்களாவோடு போயிற்று. இப்போது நிலைமை வேறு. தோட்டத்தை விட்டு நகருக்குப் பெயர்ந்த பிள்ளைகளின் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஒரு கம்பளம் கிடக்கிறது. தங்கும் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் சுவருக்குச் சுவர் கம்பளம் ஒட்டியிருக்கிறது. அவற்றைத் துப்புரவு செய்யும் வேலையில் நம் பெண்களும் ஆண்களும் இருக்கிறார்கள். ஆகவே, 'கம்பளத்தை எத்தனை நாளைக்கு ஒருமுறை, தொழில் தெரிந்த ஆளை வைத்துத் துவைக்க வேண்டும்?' என்ற கேள்வி இன்று நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

கம்பளம் செய்யும் நிறுவனங்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அதைப் பிறகு சொல்லுவோம். அந்தக் கணக்கு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை என்பதுதான் நாம் முதலில் கவனிக்க வேண்டியது. ஆண்டுக்கு ஒருமுறை என்று இருந்த காலம் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை தூசு எடுக்காவிட்டால் அந்த வீட்டுக்காரியை ஒரு மாதிரி பார்த்த காலமும் உண்டு. கம்பளம் எவ்வளவு அழுக்கானது என்பது மட்டும் அந்தக் கணக்கைத் தீர்மானிக்கவில்லை. சுத்தம் செய்யும் வேலை யார் தலையில் விழுந்தது என்பதும் சேர்ந்துதான் தீர்மானித்தது.

கம்பளம் மிகப் பழைய பொருள். 1949ஆம் ஆண்டில் ருடென்கோ என்னும் ரஷ்ய ஆய்வாளர், சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில், பாசிரிக் என்ற இடத்தில் ஒரு பழங்காலத் தலைவரின் கல்லறையைத் தோண்டினார். உள்ளே புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகி, அங்கிருந்த பொருள்களைக் கெடாமல் காத்திருந்தது. அவற்றுள் ஒரு கம்பளமும் இருந்தது. ஏறக்குறைய இரண்டு மீட்டர்ச் சதுரம். ஓரத்தில் மான்களும் குதிரை வீரர்களும் வரிசையாகப் போகிறார்கள். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். முடிச்சுப் போட்டு நெய்த கம்பளங்களில், முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். குளிர் நாடுகளிலும் வறண்ட மேட்டு நிலங்களிலும் ஆடு மேய்த்த மக்களுக்குத் தரையின் குளிர் ஏறாமலிருக்கக் கம்பளி வேண்டியிருந்தது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டார் பாயோடு நின்றுவிட்டதற்கும் இதுவே காரணம்.

கம்பளக் கலையின் தாயகம் என்று உலகம் போற்றுவது பாரசீகத்தை, அதாவது இன்றைய ஈரானை. அங்கே கம்பளம் துவைப்பதற்கு ஒரு பருவம் உண்டு. மார்ச் மாதம் 20 அல்லது 21ஆம் நாள் அவர்களுடைய புத்தாண்டாகிய நவ்ரூஸ் பிறக்கிறது. அதற்கு முந்திய வாரங்களில் வீட்டையே தலைகீழாக்கிச் சுத்தம் செய்வார்கள். அந்த வழக்கத்துக்கு அவர்கள் மொழியில் 'கானே தெக்கானி' என்று பெயர். வீட்டை உதறுதல் என்பது பொருள். நம்முடைய போகியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் எரிப்பது இல்லை, உதறுவதும் துவைப்பதும்தான். குளிர் முடிந்து, மலையில் பனி உருகி ஓடைகளில் நீர் பெருகும் நேரம் அது. வெயிலும் வந்துவிடும். ஈரக் கம்பளம் எவ்வளவு கனக்கும் என்பது அதைத் தூக்கியவருக்குத்தான் தெரியும். நீரும் வெயிலும் ஆள்பலமும் ஒன்றாகக் கிடைக்கும் பருவத்தில் அந்த வேலையை வைத்துக்கொண்டார்கள்.

தெஹ்ரானுக்குத் தெற்கே ரே என்ற பழைய நகரத்தில், செஷ்மே அலி என்னும் ஊற்று இருக்கிறது. அதன் அருகிலுள்ள பாறையில் ஃபத் அலி ஷா என்ற மன்னர் 19ஆம் நூற்றாண்டில் தம் உருவத்தையும் தம் அரண்மனையாரின் உருவங்களையும் செதுக்க வைத்தார். பிற்காலத்தில் எடுத்த புகைப்படங்களைப் பார்த்தால், அந்த மன்னரின் பாறையெங்கும் கம்பளங்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. கீழே ஊற்றில் ஆண்கள் முழங்கால் அளவு நீரில் நின்று, கம்பளங்களைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். மன்னருடைய சிலையை ஊரார் துணி காயப்போடும் கொடியாக ஆக்கிக்கொண்டதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டாகத்தான் செய்கிறது.

அதே நாட்டில், காஷான் நகருக்கு அருகே மஷ்ஹதே அர்தஹால் என்ற ஊரில், கம்பளம் துவைப்பதே ஒரு திருவிழாவாக நடக்கிறது. இமாம் முகம்மது அல் பாக்கிரின் மகனான சுல்தான் அலி என்னும் பெரியவர் அங்கே கொல்லப்பட்டார் என்றும், அவர் உடலைக் கம்பளத்தில் சுற்றி எடுத்துச் சென்று ஓடை நீரில் கழுவினார்கள் என்றும் மக்கள் நம்புகிறார்கள். அதை நினைவு கூர்ந்து, இலையுதிர் காலத்தில், பாரசீக நாள்காட்டியின் மெஹர் மாதம் 17ஆம் நாளுக்கு அண்மையில் வரும் வெள்ளிக்கிழமையன்று கூடுகிறார்கள். அடக்கத்தலத்திலுள்ள கம்பளத்தின்மேல் பன்னீர் தெளிப்பார்கள். காவே ஊரார் அதைச் சுருட்டி வெளியே கொண்டுவந்து, ஃபின் ஊராரிடம் கொடுப்பார்கள். ஃபின் ஊரார் கையில் அலங்கரித்த தடிகளோடு வந்து, ஓடும் நீரில் அதை அலசித் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். யார் தூக்குவது, யார் துவைப்பது என்ற உரிமை தலைமுறை தலைமுறையாக அந்தந்த ஊருக்கு உரியது. இந்தச் சடங்கை யுனெஸ்கோ நிறுவனம் 2012ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுக்கு ஒருமுறை துவைப்பதை ஊரார் பெருமையாகப் பங்கு போட்டுக்கொண்ட இடம் இது. இனி நாம் பார்க்கப் போகும் இடங்களில் அந்தப் பெருமை இல்லை.

அதற்கு முன், கம்பளத்துக்குள் தூசு என்ன செய்கிறது என்பதைச் சிறிது பார்த்துவிடுவோம். கம்பளத்தின் மேற்பரப்பு நின்றிருக்கும் நூல்களால் ஆனது. மேலே விழும் மண்ணும் மணலும், நடக்க நடக்க, நூல்களின் அடிவேர் வரை இறங்கிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கம்பளியின் இழையோ தூசை மறைத்து வைத்துக்கொள்வதில் கெட்டிக்காரி. அடியில் இறங்கிய மணல் துகளுக்குக் கூர்மையான விளிம்பு உண்டு. ஒவ்வொரு முறை காலை வைக்கும்போதும் அது நூலின் அடியை அராவுகிறது. பால்மரம் வெட்டும் கத்தியைத் தீட்டுவதற்குக் கல்லில் எத்தனை முறை தேய்க்கிறோம்! இரும்பையே தேய்க்கும் கல், நூலை விட்டுவைக்குமா? ஆகவே, கண்ணுக்கு அழுக்குத் தெரியும்போது சுத்தம் செய்யலாம் என்று காத்திருந்தால், அதற்குள் கம்பளத்தின் ஆயுளில் ஒரு பகுதி போயிருக்கும். பழைய காலத்தவர் தடியால் அடித்ததும், குளிர் நாட்டார் உலர்ந்த புதுப்பனியின்மேல் கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு அடித்ததும், இந்த அடிமணலை வெளியேற்றத்தான்.

இப்போது இங்கிலாந்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் ஆலைகளில் நெய்த கம்பளம் மலிவாகி, நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அதே வீட்டில் ஒவ்வோர் அறையிலும் நிலக்கரி அடுப்பு எரிந்தது. எண்ணெய் விளக்கும் எரிவாயு விளக்கும் புகைந்தன. தெருவில் குதிரை வண்டிகள். குதிரைச் சாணமும் சேறும் செருப்போடு வீட்டுக்குள் வந்தன. குளிர்காலம் முழுவதும் சன்னல்கள் சாத்தியே கிடக்கும். வசந்தம் வந்ததும் வீட்டைக் கவிழ்த்துச் சுத்தம் செய்வார்கள். சுவரோரம் ஆணியடித்த கம்பளங்களை, ஆணி ஆணியாகப் பிடுங்கி எடுத்து, வெளியே கொண்டுபோய்க் கொடியில் போட்டு அடிக்க வேண்டும். பிறகு தரையைத் தேய்த்துக் கழுவி, மறுபடியும் விரித்து ஆணியடிக்க வேண்டும். அமெரிக்காவில் பல வீடுகளில் கோடைக்குக் கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் பாய் விரிப்பார்கள். ஆக, ஆண்டுக்கு ஒரு முறை அல்லது இரு முறை. அதற்கு மேல் செய்ய அந்த வீட்டுக்காரருக்கு மனம் இருந்தாலும், வேலை செய்பவருக்கு உடம்பு இருக்காது.

அடிக்கும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. வளைத்துப் பின்னிய பிரம்பில் பிடி வைத்த தட்டியால்தான் பெரும்பாலும் அடித்தார்கள். பிரம்பு ஐரோப்பாவில் விளைவதில்லை. அது நம் வட்டாரக் காடுகளின் கொடி. 19ஆம் நூற்றாண்டில் உலகத்துப் பிரம்பு வாணிகத்துக்குச் சிங்கப்பூர்தான் பெரிய சந்தையாக இருந்தது. லண்டன் கொல்லைப்புறத்தில் பணிப்பெண் ஓங்கிய பிரம்பும் பெரும்பாலும் இந்தத் திசையிலிருந்து கப்பலேறியதே.

இந்த அடியும் புழுதியும் அண்டை அயலாருக்குப் பெரிய தொல்லையாயிற்று. 1839ஆம் ஆண்டின் லண்டன் மாநகரக் காவல் சட்டம், பொதுத் தெருவில் கம்பளத்தை அடிப்பதையும் உதறுவதையும் குற்றமாக்கியது. வாசற்படி மிதியடியை மட்டும், காலை எட்டு மணிக்கு முன்னர், உதறிக்கொள்ளலாம். இந்த விதிவிலக்கைப் படிக்கும்போது, எட்டு மணிக்குள் அந்த வேலையை முடிக்க ஒரு பணிப்பெண் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள் என்ற எண்ணம்தான் நமக்கு வருகிறது. பெரட்டுக்குப் போக இருட்டிலேயே எழுந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெருவில் அடிக்கக் கூடாது என்றானதும், வசதி உள்ளவர்கள் கம்பளத்தை நகருக்கு வெளியே அடிக்கும் தொழிலாளரிடம் அனுப்பினார்கள். கம்பளம் அடிப்பது ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. பிற்பாடு அதற்கு நீராவி இயந்திரங்களும் வந்தன. காசு கொடுத்து வெளியாளிடம் கம்பளம் துவைக்கும் இன்றைய வழக்கத்துக்கு இவர்கள் முன்னோடிகள்.

இரண்டு வசந்தங்களுக்கு இடைப்பட்ட நாள்களில் என்ன செய்தார்கள்? பெருக்கினார்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசு எழும்பி, நாற்காலியிலும் மூக்கிலும் போய் உட்காரும். அதனால் குடித்து முடித்த தேயிலைச் சக்கையைப் பிழிந்து, ஈரமாக இருக்கும்போதே கம்பளத்தின்மேல் தூவி, அதோடு சேர்த்துப் பெருக்குவார்கள். தூசு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் இல்லற நூல்கள் பலவற்றில் இந்த முறை இருக்கிறது. முதலில் அந்தத் தேயிலை சீனத்திலிருந்து வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் இலங்கைத் தேயிலை லண்டன் சந்தையில் குவிந்தது. அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய நம் உறவினர். ஒரு கூடைக் கொழுந்துக்கு மலையில் ஒருத்தி குனிந்தாள். அது தேநீராகிச் சக்கையானபின், அதைத் தூவிப் பெருக்க அந்த நாட்டில் இன்னொருத்தி குனிந்தாள். இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், பீங்கான் கடை வைத்திருந்த மெல்வில் பிஸ்ஸல் என்பவர் 1876இல் ஒரு தள்ளு துடைப்பத்துக்குக் காப்புரிமை பெற்றார். பீங்கானைப் பொதிந்து வந்த மரத்தூள் கடைக் கம்பளத்தில் சிக்கிக்கொண்டதுதான் அவர் கருவி செய்யக் காரணம் என்பார்கள். சக்கரம் உருளும்போது உள்ளே இருக்கும் தூரிகையும் சுழன்று, குப்பையைப் பெட்டிக்குள் தள்ளும். 1889இல் அவர் இறந்ததும், அவர் மனைவி அன்னா பிஸ்ஸல் நிறுவனத்தை ஏற்று நடத்தி, உலகச் சந்தைக்கு எடுத்துச் சென்றார். அந்நாளில் அமெரிக்காவில் பெரிய தொழிலகத்தின் தலைமையில் இருந்த பெண்கள் மிகச் சிலரே. ஆயினும் அந்தக் கருவி மேற்குப்பையை எடுத்ததே தவிர, அடிமணலை எடுக்கவில்லை.

அடிமணலை வெளியே கொண்டுவந்தவர் ஓர் ஆங்கிலப் பொறியியலாளர். ஹியூபர்ட் சிசில் பூத் என்பது பெயர். பெரிய ராட்டினங்களையும் பாலங்களையும் வடிவமைத்தவர். 1901ஆம் ஆண்டில் லண்டன் அரங்கு ஒன்றில், கம்பளத்துக்குள் காற்றை ஊதித் தூசைக் கிளப்பும் ஓர் அமெரிக்க இயந்திரத்தின் காட்சியைப் பார்த்தார். கிளம்பிய தூசில் பெரும்பகுதி மீண்டும் கம்பளத்திலேயே விழுந்தது. 'ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன?' என்று பூத் கேட்டார். அது நடக்காத காரியம் என்று பதில் வந்தது. சில நாள் கழித்து, விக்டோரியா தெருவிலிருந்த ஓர் உணவகத்தில், மெத்தை நாற்காலியின்மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து இழுத்துப் பார்த்தார். மூச்சுத் திணறியது. ஆனால் கைக்குட்டையின் அடிப்புறத்தில் தூசு வட்டமாக ஒட்டியிருந்தது. வடிகட்டும் துணி ஒன்று இருந்தால் போதும், உறிஞ்சுவது நடக்கும் என்று தெரிந்தது. அதே ஆண்டிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

பூத் செய்த இயந்திரத்தை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. குதிரை வண்டியில் ஏற்றிவந்து தெருவில் நிறுத்துவார்கள். எரியெண்ணெய் இயந்திரம் உறுமும். நீண்ட குழாய்களைச் சன்னல் வழியாக உள்ளே விட்டு, ஆட்கள் கம்பளத்தை உறிஞ்சுவார்கள். சத்தம் கேட்டு வண்டிக் குதிரைகள் மிரண்டு, வழக்கு வரைக்கும் போனது. சீமாட்டிகள் தோழியரைத் தேநீருக்கு அழைத்து, தூசு ஓடுவதைக் கண்ணாடிக் குழாயில் காட்டினார்களாம். ஊருக்கு முன் வீட்டு அழுக்கைக் காட்டிப் பெருமைப்பட்டது வரலாற்றில் அநேகமாக அந்த ஒரு முறைதான். 1902இல் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு முன், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளங்கள் அழுக்காக இருப்பது தெரியவந்தது. எடுத்து அடிக்க நேரமில்லை. பூத்தின் இயந்திரம் விரித்த இடத்திலேயே அவற்றைச் சுத்தம் செய்தது. அரண்மனைக்கும் இயந்திரம் வாங்கினார்கள்.

முதல் உலகப் போரின்போது லண்டன் பளிங்கு மாளிகையில் கடற்படையினர் தங்கியிருந்தார்கள். அங்கே ஒரு காய்ச்சல் பரவியபோது, பூத்தின் இயந்திரங்களை வைத்துத் தூசை எடுத்தார்கள். வெளியேற்றிய தூசு 26 டன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பளம் சுத்தம் செய்வது அழகுக்கான வேலை என்றிருந்த எண்ணம், உடல்நலத்துக்கான வேலை என்று மாறியதற்கு இது ஓர் அடையாளம்.

இந்த வேலையைச் செய்பவரின் மார்பை யாராவது நினைத்தார்களா? அதை நினைத்துக் கருவி செய்தவர் ஒரு துப்புரவுத் தொழிலாளியே. ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில், ஒரு பல்பொருள் கடையில் ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் இரவில் தரை துடைக்கும் வேலையில் இருந்தார். வயது அறுபதை எட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்துமா வேறு. கம்பளம் பெருக்கும் தூசில் மூச்சு முட்டியது. வேலையை விட வழியில்லை. ஒரு பழைய மின்விசிறியின் மோட்டாரை எடுத்து, துடைப்பக் கட்டையில் பொருத்தி, பின்னால் தலையணை உறையைக் கட்டினார். தூசு உறைக்குள் போனது. அவர் மூச்சு அவருக்கு மிஞ்சியது. 1908 ஜூன் மாதம் காப்புரிமை கிடைத்தது. ஒருவர் கையால் தள்ளிக்கொண்டு போகக்கூடிய மின்சாரத் தூசு உறிஞ்சி இவ்வாறு பிறந்தது.

அதைப் பெரிய அளவில் செய்ய அவரிடம் பணமில்லை. குடும்பத்துக்குத் தெரிந்த வில்லியம் ஹூவர் என்பவர் அந்த உரிமையை வாங்கிக்கொண்டார். ஹூவர் குதிரைச் சேணமும் தோல் சாமானும் செய்தவர். மோட்டார் கார் வந்ததால் சேணத்துக்கு இனி வேலையில்லை என்பதை முன்னதாகவே உணர்ந்து, புதுத் தொழில் தேடிக்கொண்டிருந்தார். அதே 1908இல், பத்து நாள் வீட்டில் வைத்துப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். தொழில் பெருகியது. ஸ்பாங்ளர் 1915இல் காலமானார். இன்றும் இங்கிலாந்தில் தூசு உறிஞ்சியை 'ஹூவர்' என்றுதான் சொல்கிறார்கள். கண்டுபிடித்த தொழிலாளியின் பெயரால் யாரும் சொல்வதில்லை. 1926இல் ஹூவர் நிறுவனம் உருளைக்குள்ளே தட்டும் கம்பிகளைப் பொருத்தியது. பழைய பிரம்படி இயந்திரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

இனிமேல்தான் கதையில் ஒரு விந்தையான திருப்பம். கருவி வந்தால் வேலை குறைய வேண்டும் அல்லவா? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியை 1983இல் ஒரு நூல் எழுதினார். அதன் பெயரைத் தமிழில் 'அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை' என்று சொல்லலாம். வீட்டுக் கருவிகளின் வரலாற்றை ஆராய்ந்து, அவர் காட்டிய செய்தி இதுதான்: கம்பளத்தை ஆண்டுக்கு இரு முறை அடித்த காலத்தில், கணவர் தூக்கினார், பிள்ளைகள் அடித்தார்கள், வசதியிருந்தால் கூலியாளும் வந்தார். தூசு உறிஞ்சி வந்ததும், 'இதுதான் எளிதாயிற்றே' என்று மற்றவர்கள் எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டார்கள். அம்மா ஒருத்தியே வாரந்தோறும் செய்யும் வேலையாக அது ஆனது. சுத்தத்தின் அளவும் உயர்ந்தது. ஆண்டு முழுவதும் வீட்டில் இருந்த தூசு, ஒரு வாரம் இருந்தாலே குறையாகப் பேசப்பட்டது.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் 1974இல் வெளியிட்ட கட்டுரையின்படி, வேறு வேலைக்குப் போகாத அமெரிக்க இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்கு ஏறத்தாழ 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். 1960களில், மின் கருவிகளெல்லாம் வந்தபின், அது ஏறத்தாழ 55 மணி நேரம். துணி துவைக்கும் இயந்திரம் வந்த நம் வீடுகளிலும், முன்பு இரண்டு நாள் உடுத்திய சட்டையை இப்போது ஒரு வேளையிலேயே கூடையில் போடுவதைப் பார்க்கிறோம். அந்தக் கூடை யாருடைய கைக்குப் போகிறது என்பதைப் பார்த்தால், கோவன் சொன்னது விளங்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கம்பளமே மாறிப்போயிற்று. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டால்ட்டன் என்ற ஊரில், கேத்தரின் எவான்ஸ் என்ற இளம்பெண் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கையால் குஞ்சம் குத்திய படுக்கை விரிப்புகள் செய்யத் தொடங்கினார். அந்தக் கைத்தொழில் ஊரெங்கும் பரவி, இயந்திரமாகி, 1950களில் கம்பளத் தொழிலாயிற்று. நெய்வதற்குப் பதிலாகத் துணியில் ஊசியால் நூலைக் குத்தி இறக்கினார்கள். குத்திய நூல் கழன்று வராமலிருக்க, முதுகில் ரப்பர்ப் பால் பூசினார்கள். தொடக்கத்தில் அது மரத்துப் பால். பின்னர்ப் பெரும்பாலும் செயற்கைப் பால். நூலும் கம்பளியிலிருந்து நைலானுக்கு மாறியது. விலை மலிந்து, சுவருக்குச் சுவர் விரிக்கும் கம்பளம் எங்கும் பரவியது.

ஒட்டிய கம்பளத்தைத் தூக்கி ஓடைக்குக் கொண்டுபோக முடியாது. கொடியில் போட்டு அடிக்கவும் முடியாது. அங்கேயே சுத்தம் செய்தாக வேண்டும். அதனால் ஒரு புதுத் தொழில் எழுந்தது. வெந்நீரும் மருந்தும் கலந்து கம்பளத்தில் பீய்ச்சி, உடனே உறிஞ்சி எடுக்கும் இயந்திரங்கள் 1970களில் பரவின. 'ஆள் வைத்துத் துவைத்தல்' என்று நாம் இன்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். டால்ட்டனில் உள்ள கம்பள உற்பத்தியாளர் கழகம், 12 முதல் 18 மாதத்துக்கு ஒருமுறை தொழிலாளர் வைத்து ஆழமாகச் சுத்தம் செய்யச் சொல்கிறது. இந்தக் கணக்கைக் கம்பளம் விற்பவர்கள் சொல்கிறார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். ஆனாலும் அது வெறும் வியாபாரப் பேச்சும் அல்ல. மணல் அராவும் கதையை முன்னரே பார்த்தோம். குழந்தை தவழும் வீடு, பூனை வளர்க்கும் வீடு, செருப்போடு நடக்கும் அலுவலகம், இங்கெல்லாம் அதைவிட அடிக்கடி வேண்டும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வரும் நம் வீடுகளில் மண் மிகக் குறைவாகவே சேரும். இந்த ஒரு வழக்கம் ஓர் இயந்திரத்துக்குச் சமம் என்பது நம் கருத்து.

நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் மண்ணைவிடக் கவலை தரும் பொருள் வேறொன்று உண்டு. 1960களில் ஹாலந்தின் லைடன் நகர ஆய்வாளர்களான வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர், வீட்டுத் தூசு சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்புவதற்குக் கண்ணுக்குத் தெரியாத தூசுப் பூச்சியே முக்கிய காரணம் என்று காட்டினார்கள். அது நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று வாழ்கிறது. ஈரப்பதம் மிகுந்த காற்று அதற்கு ஏற்றது. மலேசியக் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஆகவே, வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை துவைப்பது என்று யோசிப்பதைவிட, கம்பளமே வேண்டுமா என்று யோசிப்பது மேல். பாய் இருக்கிறது. அதை ஈரத் துணியால் துடைக்கலாம், வெயிலில் போடலாம், ஒரு பெண் தனியாகத் தூக்கலாம்.

கம்பளம் இருந்தே தீர வேண்டும் என்றால், ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். துவைப்பதைவிட உலர்த்துவதுதான் இங்கே கடினம். ஈரம் ஒரு நாளுக்கு மேல் தங்கினால் அடியில் பூஞ்சணம் பிடித்து, வாடை வரும்; பூச்சியும் பெருகும். மழை விடாத மாதங்களில் துவைக்க வேண்டாம். சன்னலைத் திறந்து, விசிறியைச் சுழலவிட்டு, அன்று முழுவதும் அந்த அறையில் யாரும் நடக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சுருட்டி எடுக்கக்கூடிய சிறு கம்பளமானால், முதலில் கவிழ்த்துப் போட்டுத் தட்டி, மணலை உதிர்த்துவிட்டுப் பிறகு நீரைத் தொடுங்கள். மணலோடு நனைத்தால் அது சேறாகி, நூலின் அடியிலேயே உறைந்துவிடும். வீட்டில் இருக்கும் எல்லாருமாகச் சேர்ந்து அதைத் தூக்குங்கள்.

கம்பளம் துவைக்கும் வேலைக்குப் போகும் நேயர்களுக்குத் தனியாக ஒன்று. உலர்ந்த தூசைக் கிளப்பும் வேலையானால் மூக்கையும் வாயையும் மூடும் கவசம் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தின் தூசுப் பையை மூடிய அறைக்குள் உதறாமல், வெளியே, காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி நின்று கொட்டுங்கள். மருந்து நீரில் கை வைக்கும்போது உறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த உரையில் வேறொரு வீட்டுப் பொருளின் வரலாற்றோடு சந்திப்போம்.